குளத்தூருக்கு ஒரு சிறு காமிரா

திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடியில், நெய்யாற்றின்கரைத் தாலுகாவில், பாறசாலையிலிருந்து கடலை நோக்கிச் செல்லும் வழியில் அமைந்தது குளத்தூர். கழக்கூட்டத்தருகே இன்னொரு குளத்தூரும் உண்டு. நாம் கூறுவது அதையன்று. 1956 நவம்பர் 1ஆம் நாள் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தபோது, நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றுவிட்டது. ஆகவே, அண்ணன் வீடு கொல்லங்கோட்டிலும் தங்கை வீடு குளத்தூரிலுமாக, எல்லையின் இருபுறமும் வேர்விட்ட குடும்பங்கள் இங்கே உண்டு. பிழைப்பை நாடிக் கடல் கடந்த பிள்ளைகள் விடுமுறைக்கு வருகையில், முதியோரின் முகங்களைப் படமெடுத்துப் போக விரும்புகிறார்கள். கைபேசி வந்தபின் மலிவான சிறு காமிராக்கள் அருகிவிட்டன. எனினும் அலமாரியில் கிடந்ததும் கைமாறி வாங்கியதுமாகச் சில இன்றும் பெட்டியில் ஏறிவிடுகின்றன.

அத்தகைய காமிராவுக்கு இவ்வூரைவிடக் கடினமான தேர்வுக்கூடம் வேண்டா. பொழியூர்க் கடற்கரையில் நண்பகல் மணல் கண்ணைக் கூசச் செய்யும்; சற்றே பின்வாங்கித் தென்னந்தோப்பினுள் நுழைந்தால் குளிர்ந்த நிழல். நம் கண் இரண்டையும் ஒருங்கே காணும். காமிராவினுள் ஒளியை வாங்கும் சென்சாருக்கோ அவ்வளவு ஆற்றல் இல்லை. பெரும்பாலான மலிவுக் காமிராக்களில் அது ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் அகலமும் 4½ மில்லிமீட்டர் உயரமுமே உடையது. சுண்டுவிரல் நகத்தினும் சிறிது! பழைய 35 மில்லிமீட்டர் பிலிமில் ஒரு படத்தின் பரப்பு இதைப்போல் 30 மடங்கு.

பெட்டியின்மேல் 16 மெகாபிக்சல் என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருப்பதைக் கண்டு மயங்குவோர் பலர். 6 அங்குலத்துக்கு 4 அங்குலப் படம் நன்றாக அச்சாக 22 லட்சம் புள்ளிகள், அதாவது இரண்டு மெகாபிக்சலுக்குச் சற்று மிகுதி, போதும். 1975இல் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாஸன் செய்த டிஜிட்டல் காமிராவில் இருந்தவை 10,000 புள்ளிகளே. ஒரு படத்தைக் காசெட் நாடாவில் பதிய 23 விநாடி பிடித்தது. அங்கிருந்து இவ்வளவு தூரம் வந்தது வியப்பே. ஆனால் அச்சிறு சென்சாரில் புள்ளிகளை நெருக்க நெருக்க, ஒவ்வொன்றுக்கும் கிட்டும் ஒளி குறைகிறது.

சென்ற விடுமுறையில் ஒரு வீட்டுத் திண்ணையில் கண்டது இது. வெளிநாட்டிலிருந்து வந்த பேரன், வெயில் காயும் முற்றத்தைப் பின்னணியாக்கிப் பாட்டியைப் படமெடுத்தான். முற்றம் தெளிவாக விழுந்தது, பாட்டி கருநிழலானாள். திரையைப் பார்த்த கிழவி, "எனக்க மொகத்தக் காணலியே மக்களே!" என்றாள். வெயிலுக்கு ஏற்பக் காமிரா தானாகவே ஒளியைக் குறைத்ததன் விளைவு அது. பாட்டியை முற்றத்தை நோக்கித் திருப்பி உட்கார வைத்தால் பாதி வேலை முடிந்தது. இடம் மாற இயலாதெனில், ஒளி ஈடு எனும் அமைப்பை +1க்கு உயர்த்தலாம். முற்றம் வெளுத்துப் போகும், போகட்டும். இரண்டு மீட்டருக்குள் நின்று பிளாஷைப் போடுவதும் உதவும்.

ஐ.எஸ்.ஓ. எண்ணை இயன்றவரை 100 முதல் 400க்குள் வைத்தல் நன்று. 800ஐக் கடந்தால், புள்ளிப்புள்ளியாய்த் தோன்றும் இரைச்சலைத் துடைக்கப் புகுந்து, நரைமயிரையும் சுருக்கங்களையும் சேர்த்தே துடைத்துவிடும், முகம் மெழுகுபொம்மையாகும். மாலையில் காமிராவைத் திண்ணைச் சுவர்மேல் வைத்து, இரண்டு விநாடி டைமரில் எடுத்தால் குறைந்த எண்ணே போதும். பாட்டி மட்டும் அசையாதிருக்க வேண்டும். வாழைத்தோட்டத்தில் முகத்தில் பச்சை படியும். டிஜிட்டல் ஜூமை அணைத்தேவிடுக; அது படத்தை வெட்டிப் பெரிதாக்குவதன்றி வேறில்லை.

வாங்குமுன் கடையிலேயே சோதிக்க விரும்புவோர் தம் மெமரி கார்டைக் கொண்டு செல்க. சன்னலருகே ஒரு முகத்தையும், மூலைமுதல் மூலைவரை நிறையுமாறு ஒரு செய்தித்தாளையும் படமெடுத்து, வீட்டுக் கணினியில் முழு அளவில் காண்க. கண்ணிமை மயிர் பிரிந்து தெரிகிறதா, செய்தித்தாளின் ஓரத்து எழுத்துகள் வாசிக்க வருகின்றனவா என்பதே கேள்வி. காமிராவின் சிறு திரை எல்லாப் படத்தையும் அழகாகவே காட்டும்.

விமானம் ஏறுமுன் இரண்டு பிரதி அச்சிட்டு, ஒன்றைத் திண்ணைக்காரியிடமே கொடுத்துவிடுங்கள்.