வாரிசை நியமிக்க முடியாத ராஜா

2005 மார்ச் 27, ஈஸ்டர் ஞாயிறு. வாட்டிகனில் புனித பேதுரு சதுக்கத்தைப் பார்த்தபடி இருக்கும் ஜன்னலில் போப் இரண்டாம் ஜான் பால். (நம்ம ஊர் கத்தோலிக்கர்கள் அவரை இரண்டாம் அருள் சின்னப்பர் என்றும் எழுதுவார்கள்.) மைக்கை அவர் முன்னால் கொண்டுவந்து வைக்கிறார்கள். பேச முயற்சிக்கிறார். தொண்டையிலிருந்து கரகரப்பான காற்றுதான் வருகிறது, வார்த்தை வரவில்லை. பிப்ரவரி 24 அன்று மூச்சுவிடுவதற்காகத் தொண்டையில் துளை போட்டிருந்தார்கள். பார்கின்சன் நோயோ பல வருடங்களாகவே இருந்தது. கடைசியில் கையை மட்டும் உயர்த்தி ஆசீர்வதித்துவிட்டு உள்ளே போய்விட்டார். ஆறே நாள். ஏப்ரல் 2, இரவு 9.37க்கு உயிர் பிரிந்தது. வயது 84.

அந்தக் காட்சியைப் பார்த்து உலகமே அழுதது உண்மை. ஆனால் அதற்குள்ளே சங்கடமான ஒரு கேள்வியும் இருந்தது. நூறு கோடிக்கு மேல் உறுப்பினர்கள் கொண்ட ஓர் அமைப்பின் தலைவரால் பேச முடியவில்லை. எந்தக் கம்பெனியாக இருந்தாலும் இயக்குநர் குழு கூடி 'ஐயா, நீங்க ஓய்வெடுங்க' என்று சொல்லியிருக்கும். வாட்டிகனில் அப்படிச் சொல்ல யாருக்கும் அதிகாரம் கிடையாது. திருச்சபைச் சட்டத்தின் 332வது பிரிவின்படி போப் தானாக விரும்பி ராஜினாமா செய்யலாம். அதை யாரும் ஏற்றுக்கொள்ள வேண்டிய அவசியம்கூட இல்லை. ஆனால் போப் கோமாவில் விழுந்துவிட்டால் என்ன செய்வது? சட்டத்தில் அதற்குத் தெளிவான வழி எதுவும் எழுதி வைக்கவில்லை.

இது அவருக்கே தெரியாத விஷயமா? நன்றாகவே தெரியும். தீராத வியாதி வந்து வேலை செய்ய முடியாமல் போனால் பதவி விலகுவதாக 1989லேயே ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தார். அது வெளியே தெரிந்தது அவர் இறந்து பல வருடம் கழித்துத்தான். கடைசிவரை அதைப் பயன்படுத்தவில்லை. கஷ்டப்பட்டுச் சாவதும் தன் ஊழியத்தின் ஒரு பகுதி என்று நினைத்தார் போலிருக்கிறது. முதியவர்களையும் நோயாளிகளையும் ஒளித்து வைக்கும் உலகத்துக்கு முன்னால், எச்சில் ஒழுக, கை நடுங்க, கேமராவுக்கு நேராக உட்கார்ந்திருந்தாரே, அதற்கு அசாத்திய துணிச்சல் வேண்டும். அதே சமயம் அந்த மாதங்களில் யார் முடிவெடுத்தார்கள், யார் அவர் பெயரில் கையெழுத்துக்குக் காகிதம் நீட்டினார்கள் என்ற கேள்வியும் நியாயமானதுதான்.

சரி, அவர் என்ன விட்டுப் போனார்?

உயில் என்று பார்த்தால் ரொம்பச் சின்ன விஷயம். ஏப்ரல் 7 அன்று வெளியிட்டார்கள். பங்கு பிரிக்கச் சொத்து ஒன்றும் இல்லை, சொந்தக் குறிப்புகளை எரித்துவிடுங்கள், அவ்வளவுதான் விஷயம். வேடிக்கை என்னவென்றால், அந்த ஒரு கட்டளையைக்கூட அவருடைய செயலாளர் தஜிவிஷ் நிறைவேற்றவில்லை! எரிக்க மனசு வராமல் வைத்திருந்து, 2014ல் போலந்தில் புத்தகமாகவே வந்துவிட்டது. செத்தவர் பேச்சு எங்கேயும் ஏறாது என்பதற்கு வாட்டிகனும் விதிவிலக்கு இல்லை.

உயிலுக்கு வெளியே விட்டுப்போனது மலையளவு. 1978 அக்டோபரில் பதவிக்கு வந்தபோது வயது 58. 455 வருடங்களில் இத்தாலியர் அல்லாத முதல் போப். 1979ல் சொந்த நாடான போலந்துக்குப் போனார். கம்யூனிஸ்ட் அரசு பார்த்துக்கொண்டிருக்க லட்சக்கணக்கில் கூட்டம் கூடியது. அடுத்த வருடமே சாலிடாரிட்டி தொழிற்சங்கம் எழுந்தது. பெர்லின் சுவர் இவரால் மட்டுமே விழுந்தது என்பது மிகைதான். இவர் இல்லாமலே அப்படியே நடந்திருக்கும் என்பதும் மிகைதான். இத்தாலிக்கு வெளியே 104 பயணங்கள். 1986 பிப்ரவரியில் சென்னைக்கும் வந்தார். அதே வருடம் ரோமில் யூத ஜெபாலயத்துக்குள் போனார், 2001ல் டமாஸ்கஸில் மசூதிக்குள் போனார். 1981ல் தன்னைச் சுட்ட அலி அக்ஜாவை ஜெயிலுக்கே போய்ப் பார்த்து உட்கார்ந்து பேசினார். இதெல்லாம் சும்மா போட்டோவுக்கு என்று ஒதுக்கிவிட முடியாது.

வெளியே இப்படிக் கதவு திறந்தவர், வீட்டுக்குள் கறாரான அப்பா. பெண்கள் குருவாக முடியாது என்று 1994ல் எழுதி, இனி இதைப் பற்றிப் பேச்சே வேண்டாம் என்கிற தொனியில் மூடிவிட்டார். கருத்தடை விஷயத்தில் ஒரு அங்குலமும் நகரவில்லை. ஏழைகள் பக்கம் நின்று பேசிய லத்தீன் அமெரிக்க விடுதலை இறையியல்காரர்கள் ஒவ்வொருவராக அடக்கப்பட்டார்கள். பிரேசிலின் லியோனார்டோ போஃபுக்கு 1985ல் வாய்ப்பூட்டு. பக்கத்திலேயே இலங்கையில் திஸ்ஸ பாலசூரிய என்ற வயதான குருவை, மரியாளைப் பற்றி எழுதிய புத்தகத்துக்காக 1997 ஜனவரியில் சபையைவிட்டே விலக்கினார்கள். ஒரு வருடம் கழித்துத்தான் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். இந்த வேலைகளையெல்லாம் பார்த்த அலுவலகத்துக்குத் தலைவர் யார் தெரியுமா? ஜெர்மனியின் கர்தினால் யோசப் ராட்சிங்கர். பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். போப் ஒரு முழு முடியாட்சி ராஜா. ஆனால் பட்டத்து இளவரசர் என்று யாரையும் கைகாட்ட முடியாது. அவர் இறந்த நிமிடமே பெரும்பாலான வாட்டிகன் 'மந்திரிகள்' பதவி இழக்கிறார்கள். மோதிரத்தை உடைக்கிறார்கள். 80 வயதுக்குக் கீழே உள்ள கர்தினால்கள் சிஸ்டைன் சிற்றாலயத்துக்குள் பூட்டிக்கொண்டு ஓட்டுப் போடுகிறார்கள். மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். கேட்க ஜனநாயகம் மாதிரியே இருக்கிறது இல்லையா?

ஆனால் வாக்காளர் பட்டியல் யார் கையில்? கர்தினால்களை நியமிப்பது போப். 26 வருடம் நாற்காலியில் இருந்தால் என்ன ஆகும்? 2005 ஏப்ரல் 18 அன்று உள்ளே போன 115 பேரில் 113 பேர் ஜான் பால் நியமித்தவர்கள். மீதி இரண்டே பேர் முந்தைய போப் ஆறாம் பவுலின் ஆட்கள். ஒருவர் அமெரிக்காவின் பாம். இன்னொருவர் அதே ராட்சிங்கர். வாரிசை நியமிக்க முடியாத ராஜா, வாரிசைத் தேர்ந்தெடுப்பவர்களை மொத்தமாக நியமித்துவிட்டுப் போயிருந்தார்!

(இங்கே ஒரு தமிழ்ச் செய்தி. செஞ்சிக்குப் பக்கத்தில் கல்லேரி என்ற கிராமத்தில் பிறந்த கர்தினால் சைமன் லூர்துசாமி அப்போது ரோமில்தான் இருந்தார். வயது 81 ஆகிவிட்டதால் ஓட்டு இல்லை. இந்தியாவிலிருந்து ஓட்டுப் போட்டவர்கள் மும்பை, ராஞ்சி, எர்ணாகுளம் கர்தினால்கள் மூவர். ஆனால் 1993 முதல் 1996 ஜனவரி வரை லூர்துசாமி டீக்கன் வரிசைக் கர்தினால்களில் மூத்தவராக இருந்தார். புது போப்பின் பெயரை மாடத்தில் நின்று உலகத்துக்கு அறிவிப்பது அந்த இடத்தில் இருப்பவரின் வேலை. அந்த மூன்று வருடத்தில் தேர்தல் வந்திருந்தால் அந்தக் குரல் ஒரு தமிழருடையதாக இருந்திருக்கும்.)

ஜான் பால் இன்னொரு வேலையும் செய்திருந்தார். பலர் கவனிக்காத வேலை. 1996ல் தேர்தல் விதியை மாற்றி எழுதினார். முப்பதுக்கு மேல் சுற்றுகள் ஓட்டுப் போட்டும் முடிவு வரவில்லை என்றால், பாதிக்கு மேல் இருப்பவர்கள் நினைத்தால் சாதாரணப் பெரும்பான்மையே போதும் என்று தீர்மானித்துக்கொள்ளலாம். இழுபறியைத் தவிர்க்க நல்ல யோசனை மாதிரித்தான் தெரிகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 115 பேரில் மூன்றில் இரண்டு பங்கு என்றால் 77 ஓட்டு. சாதாரணப் பெரும்பான்மை என்றால் 58. உங்கள் ஆளுக்கு 58 உறுதியாக இருந்தால் நீங்கள் யாரிடமும் சமரசம் பேசவே வேண்டாம். இரண்டு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். எதிர்த்தரப்புக்கும் இது தெரியும். ஆகவே அவர்களும் சீக்கிரமே விட்டுக்கொடுப்பார்கள். மூன்றில் இரண்டு பங்கு என்ற விதி 1179லிருந்து இருப்பது எதற்காக? ஜெயிப்பவர் எதிர்த்தரப்பிலிருந்தும் கொஞ்சம் பேரைத் தன் பக்கம் கொண்டுவர வேண்டும் என்பதற்காகத்தானே. அந்தக் கட்டாயம் பாதி கழன்றுவிட்டது.

உண்மையில் அந்த விதி தேவையே படவில்லை. மறுநாள் ஏப்ரல் 19 மாலை, நான்காவது சுற்றிலேயே முடிந்தது. புகை வெள்ளையா கறுப்பா என்று சதுக்கத்தில் இருந்தவர்களுக்குப் புரியாமல் கொஞ்ச நேரம் குழப்பம். மணி அடித்த பிறகுதான் கைதட்டல். போப்பாக உள்ளே போகிறவர் கர்தினாலாக வெளியே வருவார் என்று ரோமில் ஒரு பழமொழி உண்டு. இந்த முறை பொய்த்துப் போனது. ராட்சிங்கர்தான். வயது 78, பெயர் பதினாறாம் பெனடிக்ட். ரகசியம் காப்பதாகச் சத்தியம் செய்துவிட்டு உள்ளே போன ஒரு கர்தினாலின் நாட்குறிப்பு என்று சொல்லி அந்த செப்டம்பரிலேயே ஓர் இத்தாலியப் பத்திரிகை போட்டது. அதன்படி இரண்டாவதாக வந்தவர் அர்ஜென்டினாவின் பெர்கோலியோ. பின்னாளில் பிரான்சிஸ் ஆனவர்.

பெனடிக்ட் செய்த முக்கியமான காரியங்களில் ஒன்று, 2007ல் அந்தச் சாதாரணப் பெரும்பான்மை விதியை ரத்து செய்தது. தன் எஜமானர் எழுதிய விதியை!

ஆனால் அந்த 115 பேர் பட்டியலைப் பற்றி இன்னொன்று சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. அதில் பெர்னார்ட் லா இருந்தார். சிறுவர்களிடம் தவறாக நடந்த குருக்களைப் பங்கு பங்காக மாற்றி மூடி மறைத்த விவகாரத்தில் 2002ல் பாஸ்டன் பேராயர் பதவியை விட்டவர். 2004ல் அவருக்கு ரோமின் பெரிய பசிலிக்கா ஒன்றில் பதவி கொடுத்தார் ஜான் பால். அவர் இறந்ததும் நடந்த ஒன்பது நாள் திருப்பலிகளில் ஒன்றை நிறைவேற்றியதும் லாதான். மெக்காரிக்கும் அதே பட்டியலில் இருந்தார். எச்சரிக்கைகள் வந்திருந்தும் இவரை 2000ல் வாஷிங்டனுக்கு நியமித்தார் ஜான் பால் என்று வாட்டிகனே 2020ல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. 2019ல் மெக்காரிக்கின் குருத்துவமே பறிக்கப்பட்டது.

அடக்கத்தின்போது சதுக்கத்தில் 'உடனே புனிதர் ஆக்கு' என்று பேனர் பிடித்தார்கள். 2014 ஏப்ரலில் ஆக்கியும் விட்டார்கள். வழக்கமான ஐந்து வருடக் காத்திருப்பைக்கூட பெனடிக்ட் தள்ளுபடி செய்திருந்தார். அந்தக் காத்திருப்பு சும்மா வைத்த சம்பிரதாயம் இல்லை. கண்ணீர் காய்ந்து, மூடிய கோப்புகள் திறந்து, பாதிக்கப்பட்டவர்கள் தைரியமாக வாய் திறக்க ஆகும் நேரம் அது. அவசரப்பட்டதால் புனிதர் பட்டம் முதலில் வந்தது, அறிக்கை ஆறு வருடம் கழித்து வந்தது. நல்ல மனிதர் நல்லது மட்டுமே செய்திருப்பார் என்று நம்ப ஆசைப்படுகிற கூட்டம் எந்த மதத்திலும் எந்தக் கட்சியிலும் உண்டுதான். ஆனால் இதற்கான விலையைக் கொடுத்தவர்கள் அந்தக் கூட்டத்தில் இல்லை.

அந்த ஜன்னல் காட்சியை மிக அருகில் இருந்து பார்த்தவர் பெனடிக்ட். அவர் போட்ட கணக்கு வேறாக இருந்தது. 2013 பிப்ரவரி 11 அன்று, உடலிலும் மனதிலும் தெம்பு இல்லை என்று சொல்லி ராஜினாமாவை அறிவித்தார். 1415க்குப் பிறகு பதவி விலகிய முதல் போப். அதன் பிறகு கிட்டத்தட்ட பத்து வருடம் வாட்டிகனுக்குள்ளேயே வாழ்ந்து 2022 டிசம்பர் 31 அன்று இறந்தார்.

பிரான்சிஸும் பதவிக்கு வந்த வருடமே, உடல்நலம் கெட்டால் விலகுவதாகக் கடிதம் எழுதிக் கொடுத்திருந்தார். அதுவும் பயன்படவில்லை. 2025 ஏப்ரல் 20, மறுபடியும் ஓர் ஈஸ்டர் ஞாயிறு. தேய்ந்த குரலில் வாழ்த்துச் சொல்லிவிட்டு சதுக்கத்தில் ஒரு சுற்று வந்தார். மறுநாள் காலை 7.35க்கு இறந்துவிட்டார். மே 7 அன்று உள்ளே போன 133 பேரில் 108 பேர் அவர் நியமித்தவர்கள். மறுபடியும் இரண்டாவது நாள், நான்காவது சுற்று. சிகாகோவில் பிறந்து பெருவில் ஊழியம் செய்த ராபர்ட் பிரிவோஸ்ட், 69 வயதில் பதினான்காம் லியோ ஆனார். அவரையும் 2023ல் கர்தினால் ஆக்கியது பிரான்சிஸ்தான்.