டோக்கியோப் பட்டதாரியும் எம் தம்பியும்

சங்கரன்கோவிலில் ஆடித் தபசு என்றால் எம் குடும்பத்தார் எங்கிருப்பினும் வந்து கூடிவிடுவர். 2022-ஆம் ஆண்டுத் தபசுக்கு வந்த எம் சிற்றப்பாவின் புதல்வன், கோமதியம்மனைத் தரிசிக்கும் ஆவலினும் தன் கைப்பேசியை நோக்கும் ஆவலே மிக்கவனாய் இருந்தான். தபசு முடிந்த இரவு எம்மை மாடிக்குத் தனியே அழைத்துச் சென்று, கல்லூரிக் கட்டணத்துக்கென்று சிற்றப்பா கொடுத்த தொகை 'போக்கர்' என்னும் சீட்டாட்டத்தில் போயிற்று என்றும், யாம் 5,000 ரூபாய் கடன் தந்தால் ஒரே வாரத்தில் மீட்டுவிடலாம் என்றும் கூறினான்.

அவனைக் கடிந்துகொள்ள எமக்கு நா எழவில்லை. அவன் பத்து வயதுச் சிறுவனாயிருந்தபோது, திண்ணையில் இருத்தி, புளியங்கொட்டையைப் பந்தயமாக வைத்துச் சீட்டுப் பிடிக்கக் கற்பித்தவர் யாமே. திருக்குறளிற் சூது என்னும் 94-ஆம் அதிகாரத்தை எடுத்துரைக்கலாம் என்றாலோ, அதைப் பள்ளியில் ஒப்பித்துப் பரிசு பெற்றவன் அவன்!

எம் மௌனங் கண்டு அவனே தொடங்கினான். "அண்ணே, ஜப்பானில் நவோயா கிஹாரா என்று ஒருவர் இருக்கிறார். டோக்கியோப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். சீட்டாட்டமே அவருக்குத் தொழில். அவரையும் சூதாடி என்பீர்களா?"

அவ்வினாவை யாம் அலட்சியஞ் செய்யவில்லை. அன்றிரவே தேடிப் படித்தோம். தம்பி கூறியது மெய்யே. 1981-இற் பிறந்த கிஹாரா அப்பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் பயின்றவர். 2012-இல், அமெரிக்காவின் லாஸ் வேகஸ் நகரில் நடந்த உலகப் போக்கர் தொடரில், நுழைவுக் கட்டணம் மாத்திரமே 5,000 டாலர் கொண்ட ஒரு போட்டியில், 400-க்கு மேற்பட்டோர் நடுவே முதல்வராகி 5,12,029 டாலர் பெற்றார். அத்தொடரில் வெற்றிக் கங்கணம் அணிந்த முதல் ஜப்பானியர் அவரே. ஆடியது 'ஓமஹா' என்னும் வகை. ஒவ்வொருவர் கையிலும் நான்கு சீட்டு. 52 சீட்டில் நான்கு வந்து சேரக்கூடிய வகைகள் 2,70,725 ஆகும். அதிர்ஷ்டத்துக்கும் திறமைக்கும் இடைப்பட்ட நிலத்தைப் பற்றி அவர் ஒரு நூலும் எழுதியிருக்கிறார். பணம் வைத்துச் சீட்டாடுதல் ஜப்பானியத் தண்டனைச் சட்டப்படி குற்றமாகலின், பெரும்பணப் போட்டிகளுக்கு அவர் கடல் கடந்தே செல்லவேண்டியிருந்தது. நம் நாட்டினரும் இதிற் பின்வாங்கவில்லை. 2017-இல் நிபுண் ஜாவா இரண்டு கங்கணங்கள் வென்றார், அவற்றுள் ஒன்று ஆதித்ய சுஷாந்துடன் இணைந்து பெற்றது.

சதுரங்கத்திற் காய்களெல்லாம் கண்முன் நிற்கும். விசுவநாதன் ஆனந்தை நேற்றுப் பழகியவன் ஒருநாளும் வெல்லான். போக்கரிலோ சீட்டுகள் மறைந்து கிடத்தலின், தேர்ந்தவன் ஓரிரவு தோற்பான், தேராதவன் வெல்வான். எம் தம்பியைக் கெடுத்தது அவன் முதல் வாரத்தில் வென்ற 2,000 ரூபாய்தான்.

மறுநாட் காலை, "தொழில் என்றாயே, கணக்கு எங்கே?" என்றோம். ஏறக்குறையச் சமமாகத்தான் இருக்கும், கடைசி வாரந்தான் சறுக்கியது என்றான். கைப்பேசியிற் கிடந்த பதிவுகளைப் பார்த்து இருவரும் நாள்வாரியாக எழுதினோம். ஆடிய நாள் 53. வென்ற நாள் 14. நிகர நஷ்டம் 31,600 ரூபாய். வென்ற பதினான்கும் அவனுக்கு நன்றாக நினைவிருந்தன! அன்றியும், பந்தயத் தொகையில் ஒரு பங்கை ஆட்டம் நடத்துவோர் எடுத்துக்கொள்வர். ஆகவே யாவரும் சமமாக ஆடினும் யாவரும் தோற்பர். கிஹாரா போன்றோர் எதிரியோடு இப்பங்கையும் வென்றே பிழைக்கவேண்டும். பென்சிலைக் கீழே வைத்தபின் தம்பி வெகுநேரம் பேசவில்லை.

(சட்டமும் பின்னர் இங்குமங்கும் சென்றது. 2023 நவம்பரிற் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் திறமையாட்டம் என்று கூறித் தடைப்பட்டியலினின்று நீக்கிற்று. 2025 ஆகஸ்டில் மத்திய அரசின் சட்டம் பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்கள் யாவற்றையும் விலக்கிவிட்டது.)

அவன் கேட்ட 5,000 ரூபாயை யாம் அவன் கையிற் கொடுக்கவில்லை. அவனைச் சிற்றப்பாவின் தறிக்கூடத்துக்கு அழைத்துச் சென்றோம். விசைத்தறியின் ஓசையில் அவன் முதல் முறை சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. தறியை நிறுத்திவிட்டு மீண்டும் சொல்லச் செய்தார். கேட்டபின், அத்தொகைக்கு எத்தனை சேலை நெய்யவேண்டும் என்று வாய்க்குள்ளேயே கணக்கிட்டார். அடிக்கவில்லை, வையவுமில்லை.

"சீட்டு உனக்கு யாரடா சொல்லிக்கொடுத்தது?" என்று மாத்திரம் கேட்டார்.

தம்பி தலை கவிழ்ந்து நின்றான். யாம் எம் பெயரைச் சொன்னோம்.