குருநகர் ஓடாவியும் வயலினும்

வயலின் செய்கிற ஒருவர் யாழ்ப்பாணத்துக் குருநகரில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டுத்தான் போனேன். "செய்யிறேல்லைத் தம்பி, திருத்துறதுதான். ஆர் உங்களுக்குச் செய்யிறதெண்டு சொன்னது?" என்று கதிரையை இழுத்துப் போட்டபடியே கேட்டார் அவர். தன் பெயரைப் போடக்கூடாது என்பது அடுத்த நிபந்தனை. பெயர் வந்தால் ஆட்கள் கூடிவிடுவார்கள், இருக்கிற வேலையே முடியவில்லை என்றார். விறாந்தைச் சுவரோரம் கயிறு கட்டித் தொங்கவிட்ட வயலின்களைப் பார்த்தபோது அது அடக்கத்துக்குச் சொன்ன பேச்சில்லை என்று தெரிந்தது.

புனித யாகப்பர் ஆலயத்திலிருந்து கடல் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில் அவர் வீடு. வலை காய்கிற மணமும் வார்னிஷ் மணமும் ஒன்றாக அடிக்கின்றன. பரம்பரையாக ஓடாவிக் குடும்பம். தகப்பனார் கட்டிய வள்ளங்கள் ஒருகாலத்தில் மண்டைதீவுக் கடல் வரைக்கும் நின்றனவாம். 1960களின் பிற்பகுதியில் நோர்வே உதவியோடு காரைநகரில் சீநோர் படகுத் தொழிற்சாலை தொடங்கியது. பைபர் படகு வந்தது. மரத்துக்கு வேலை குறைந்தது. மிச்சத்தைப் போர் பார்த்துக்கொண்டது. கடல் வலயத் தடை, 1993 நவம்பரில் ஆலயத்தின் மீதே விழுந்த குண்டு, 1995 ஒக்டோபர் இடப்பெயர்வு என்று குருநகரார் வரிசையாகச் சொல்வார்கள். இவர் அதையெல்லாம் இரண்டு வசனத்தில் கடந்துவிட்டு வயலினுக்கு வந்தார்.

வள்ளத்துக்கு ஒட்டுப் போடுகிறவர் இதற்கும் போடுவார்தானே என்று ஒரு சங்கீத ரீச்சர் வெடித்த வயலின் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். தொடக்கம் அதுதான். குரு என்று எவரும் இல்லை. திருத்தவே முடியாத ஒரு பழைய ஜேர்மன் வயலினைக் கழற்றி, பலகை பலகையாகப் பிரித்து, மறுபடி பூட்டிப் பழகியிருக்கிறார். அந்த மாதிரி வயலின்கள் யாழ்ப்பாணத்து வீடுகளில் இன்னும் கிடக்கின்றன. உள்ளே 'ஸ்ட்ராடிவாரியஸ்' என்று சீட்டு ஒட்டியிருக்கும். இத்தாலியின் கிரெமோனாவில் 1737இல் இறந்த அந்த மனிதர் செய்தவற்றில் இன்று மிஞ்சியிருப்பவை ஏறத்தாழ 650 கருவிகள். சீட்டு ஒட்டியவையோ இலட்சக்கணக்கில், பெரும்பாலும் ஜேர்மன் தொழிற்சாலைச் சரக்கு. "லண்டனிலை வித்தா எவ்வளவு போகும் எண்டு கேக்க வருகினம். நான் ஒண்டும் சொல்லுறேல்லை. சந்தோசமாப் போகட்டும்" என்று சிரித்தார்.

நான் போன அன்று மேசையில் கிடந்தது ஒரு மாணவியின் சீன வயலின். பரீட்சைக்குக் கொஞ்ச நாளே இருந்தது. சத்தம் செத்துவிட்டது என்று கொண்டுவந்திருந்தார்கள். அவர் வயலினை மெல்ல ஆட்டிக் காட்டினார், உள்ளே ஏதோ உருண்டது. சவுண்ட் போஸ்ட் விழுந்துவிட்டது. ஆறு மில்லிமீற்றர் தடிப்பில் ஒரு சின்ன உருளைக் கட்டை அது. மேல் பலகைக்கும் அடிப் பலகைக்கும் நடுவில், தந்திகளைத் தாங்கும் குதிரையின் மெல்லிய தந்திப் பக்கக் காலுக்குச் சற்றுப் பின்னால் நிற்கும். அதற்குப் பசை வைப்பதில்லை. பலகைகளின் இறுக்கமும் தந்திகளின் அழுத்தமும்தான் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. நாலு தந்திகளும் சேர்ந்து 20 கிலோவுக்கு மேல் இழுக்கின்றன. மேல் பலகையின் தடிப்போ மூன்று மில்லிமீற்றர்தான். அந்தப் பாரத்தைத் தாங்குவதில் இந்தக் கட்டைக்கும், உள்ளே எதிர்ப்பக்கம் நீளவாட்டில் ஒட்டியிருக்கும் இன்னொரு கட்டைக்கும் பெரிய பங்கு.

சைக்கிள் சக்கரக் கம்பியை வளைத்து, நுனியைக் கூராக்கிய ஆயுதம் ஒன்றை எடுத்தார். கட்டையை அதில் குத்தி, மேல் பலகைத் துவாரத்தால் உள்ளே விட்டு, பல் வைத்தியரின் சின்னக் கண்ணாடியில் பார்த்தபடி நிமிர்த்தினார். கட்டையின் இழை மேல் பலகையின் இழைக்குக் குறுக்காக நிற்க வேண்டும், இல்லாவிட்டால் மென்மரத்தில் தடம் பதிந்துவிடும். அது இரண்டு தரம் விழுந்தது. மூன்றாவது தரம் நின்றது. தந்திகளை ஏற்றி, வில்லை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு முகத்தைச் சுளித்தார். கட்டையை மறுபடி ஒரு மயிரளவு தட்டினார். இழுத்தார். எனக்கே வித்தியாசம் கேட்டது. பக்கத்து வீட்டு நாய் குரைத்தது, "அதுக்கும் கேட்டிட்டுது" என்றார்.

இந்தக் கட்டைக்கான மரம் எங்கே கிடைக்கிறது என்று கேட்டேன். வயலினின் மேல் பலகை ஸ்ப்ரூஸ், அடிப் பலகை மேப்பிள். இரண்டும் குளிர் நாட்டு மரங்கள். அவர் உள்ளே போய் ஒரு பழைய பியானோவின் ஒலிப்பலகைத் துண்டைக் கொண்டுவந்தார். நல்ல ஸ்ப்ரூஸ், நேரான இழை. ஒரு சென்ரிமீற்றரும் இல்லாத தடிப்பு என்பதால் வளைவு செதுக்கிப் புது மேல் பலகை எடுக்கக் காணாது. சவுண்ட் போஸ்டுக்கும் வெடிப்புக்கு உள்பக்கம் வைக்கும் ஒட்டுக்கும் தாராளம். கறையான் தின்ற பியானோக்களுக்கு இங்கே பஞ்சமில்லை.

தந்தியை முறுக்கும் பிரடைக்குக் கருங்காலி. ஐரோப்பிய வயலின்களின் விரற்பலகைக்குப் பேர்போன மரமே இலங்கைக் கருங்காலிதான். இப்போது அதைக் காட்டில் தறிக்க முடியாது, பாதுகாக்கப்பட்ட மரம். இவர் உடைந்த கதிரைக் கால்களை வாங்கி வைத்துக் கடைகிறார். மலிவான வயலின்களில் வருகிற பிரடை ஏதோ ஒரு மெல்லிய மரம், கறுப்பு மை பூசியது. யாழ்ப்பாண வெக்கையில் சுருங்கி வழுக்கும், மாரியில் ஊதி இறுகும். பிள்ளை சுருதி சேர்ப்பதிலேயே வகுப்பு முடிந்துவிடும். பிள்ளைக்குக் காது இல்லை என்று தாய்க்குச் சொல்லப்படும். இப்படி எத்தனை பேர் வயலினை விட்டிருப்பார்கள்!

வில்லுக்குக் குதிரை வால் மயிர். நெடுந்தீவில் குதிரைகள் நிற்கின்றனவே என்றேன். "அதின்ரை வாலிலை கை வைச்சா ஒண்டு குதிரை உதைக்கும், இல்லாட்டி அரசாங்கம் பிடிக்கும்." மயிர் கொழும்பிலிருந்துதான் வருகிறது.

எங்கள் ஆட்கள் வாசிக்கிற முறையால் வருகிற தேய்மானத்தைத் தனியாகக் காட்டினார். மேற்கத்தையர் தோளில் வைத்து வாசிக்கிறார்கள். நாங்கள் நிலத்தில் இருந்து, சுருள்தலையை வலது காலில் ஊன்றி வாசிக்கிறோம். அதனால் சுருள் தேய்கிறது, நெஞ்சில் படுகிற ஓரத்தில் வியர்வை வார்னிஷைத் தின்கிறது, கமகத்துக்கு விரலில் தடவும் எண்ணெய் விரற்பலகையில் ஊறுகிறது. பாலுசுவாமி தீட்சிதரும் தஞ்சை வடிவேலுவும் 19ஆம் நூற்றாண்டிலேயே இந்தக் கருவியைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். 1834இல் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் வடிவேலுவுக்குத் தந்த வயலின் யானைத் தந்தத்தால் ஆனது. வாசிப்பை முற்றாக நம்முடையதாக்கிக்கொண்டோம். செய்கிற, திருத்துகிற கையை அப்படி வளர்க்கவில்லை. சென்னையிலேயே நிலைமை பெரிதாக வேறில்லை. அமெரிக்காவின் சாண்டா பார்பராவில் வயலின் பட்டறை வைத்திருக்கும் ஜேம்ஸ் விம்மர் சென்னைக்கு வந்து, லால்குடி குடும்பத்தாரின் ஆதரவோடு வித்துவான்களின் வயலின்களைத் திருத்தி, உள்ளூர் ஆட்களையும் பழக்க வேண்டியிருந்தது. கிரெமோனாவின் வயலின் கலையை யுனெஸ்கோ 2012இல் தன் பட்டியலில் சேர்த்தது. அங்கே அதற்கு 1938 முதல் பள்ளிக்கூடமே இருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் வட இலங்கைச் சங்கீத சபை 1931 முதல் இருக்கிறது, தரம் தரமாகப் பரீட்சை வைக்கிறது. மருதனார்மடத்து இராமநாதன் இசைக்கல்லூரி 1960இல் தொடங்கிப் பின்னர் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. வயலினில் பட்டம் பெற்று வெளியே வருகிறவர்களுக்கு விழுந்த சவுண்ட் போஸ்டை நிமிர்த்தத் தெரியாது என்பது எனக்கு வெட்கக்கேடாகவே படுகிறது. கலைஞனுக்கு உளி பிடிக்கத் தெரிய வேண்டாம் என்று வாதாடுவார்கள். தவில்காரர் தன் தவிலுக்குத் தானே வார் பிடிக்கிறாரே!

2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டியபோது புது வயலின் வாங்க முடியாமல் எல்லாரும் பழசைத் தூக்கிக்கொண்டு இவரிடம் ஓடிவந்திருக்கிறார்கள். அவர் வாங்குகிற கூலி ஒரு கிலோ பாரை மீனின் விலைக்குக் கிட்டவும் வராது. ஏன் கூட்டிக் கேட்பதில்லை என்றதற்கு, "பள்ளிக்கூடப் பிள்ளையள் தம்பி" என்றார். மகன் படகு எஞ்சின் திருத்துகிறான், இதற்கு வரமாட்டான். பழக யாராவது வந்தார்களா என்று கேட்டேன். வந்தவர்கள் வார்னிஷ் அடிப்பதைத்தான் பழகக் கேட்டார்களாம்.

புறப்படும்போது அவர் அதிகம் கோபப்பட்ட விடயத்தைச் சொன்னார், எழுதச் சொல்லியும் கேட்டார். வயலினை ஒட்டுகிற பசை வச்சிரம், மாட்டுத் தோலில் காய்ச்சுவது. அது மரத்தைவிடப் பலம் குறைந்ததாக இருப்பதே நல்லது. வெக்கையில் பலகை சுருங்கும்போது பொருத்து விட்டுக்கொடுக்கும், பலகை வெடிக்காது. விட்ட பொருத்தைச் சூடும் ஈரமும் கொடுத்துத் திறந்து மறுபடி ஒட்டலாம். கடையில் விற்கும் வெள்ளைப் பசையை வைத்தால் பொருத்து நிற்கும், அடுத்த கோடையில் பலகை பிளக்கும்.

ஆகவே வீட்டில் வயலின் வைத்திருப்பவர்களுக்கு: ஓரம் வாய் திறந்தால் நீங்களே ஒட்டாதீர்கள். தந்தி மாற்றும்போது நாலையும் ஒரேயடியாகக் கழற்றாதீர்கள், ஒன்றை மாற்றி ஏற்றிய பிறகு அடுத்ததைத் தொடுங்கள். வயலின் ரீச்சர்மார் இந்த இரண்டையும் முதல் வகுப்பிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தால் குருநகரில் ஒருவருக்குக் கொஞ்சம் வேலை குறையும்.