ஐந்து கடிதங்களும் ஒரு வசனமும்

தெல்தோட்டைப் பக்கமிருந்து எங்கள் கண்டி அலுவலகத்துக்கு ஓர் அம்மா வருவார். பழைய சேலைத் துணியில் தைத்த பை. அதற்குள் ஒரு பொலித்தீன் உறை, அதற்குள் இன்னொன்று. அதற்குள்ளேதான் கடதாசிகள். 1977 வன்செயலுக்குப் பிறகு தோட்டத்தை விட்டு வன்னிக்குப் போய், கிளிநொச்சியில் காடு வெட்டிக் குடியேறி, 2009இல் எல்லாம் இழந்து அண்ணனின் லயத்துக்கே திரும்பி வந்தவர். மலையகத்துக்கு இப்படித் திரும்பிய குடும்பங்களை நீங்கள் அறிவீர்கள். இதை வாசிக்கும் சிலர் அப்படித் திரும்பியவர்களாகவே இருப்பீர்கள். அவரது மகன் மட்டும் திரும்பவில்லை. (அவரை இன்னார் என்று அறியக்கூடிய விபரங்களை மாற்றியிருக்கிறேன்.)

இந்த அம்மாவின் கடதாசிகளில் நான் விட்ட ஒரு பிழையைப் பற்றித்தான் எழுத வந்தேன். அதற்கு முன் என் வேலை என்ன என்று சொல்ல வேண்டும்.

காணாமற்போனவர்களின் உறவினர்கள் வருடக்கணக்காகச் சேர்த்து வைத்திருக்கும் கடிதங்கள், பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதிகள், செஞ்சிலுவைச் சங்கம் கொடுத்த தாள்கள், ஆணைக்குழுக்களின் பதில்கள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, பக்கத்துக்குப் பக்கம் இலக்கமிட்டுக் கணினியில் ஏற்றுகிறோம். பிறகு ஒவ்வொன்றையும் வாசித்துக் குறியிட வேண்டும். திரையின் இடப்பக்கம் கடிதம் தெரியும். வலப்பக்கம் சில பெட்டிகள்: யார் எழுதியது, யாருக்கு, எந்தத் திகதி, எந்த இடம், வழக்குக்குத் தேவையா இல்லையா. நிரப்பிவிட்டு ஒரு விசையைத் தட்டினால் அடுத்த கடிதம் வரும். பெரிய சட்ட நிறுவனங்கள் கம்பெனி வழக்குகளில் இலட்சக்கணக்கான மின்னஞ்சல்களை இப்படித்தான் சலிக்கின்றன. அதற்கு ‘ரிலேட்டிவிட்டி’ போன்ற விலைகூடிய மென்பொருள்கள் உண்டு. மனித உரிமை ஆவணங்களுக்கென்று 1982இல் தொடங்கப்பட்ட ‘ஹியூரிடொக்ஸ்’ என்ற அமைப்பு ‘உவாசி’ என்ற மென்பொருளை இலவசமாகத் தருகிறது. எந்த மென்பொருளானாலும் வேலை ஒன்றுதான்: வாசி, முடிவு செய், குறியிடு.

கண்டியில் இந்த வேலைக்கு ஒரு வசதி உண்டு. தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் வாசிக்கக்கூடிய பிள்ளைகள் இங்கே கிடைப்பார்கள். எங்களிடம் வரும் கடதாசிகளும் மூன்று மொழிகளிலும் இருக்கும். 1987 முதல் 1990 வரையான பயங்கரத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த சிங்களத் தாய்மாரும் தங்கள் கட்டுகளோடு வருவார்கள். 1994இல் அமைத்த மூன்று ஆணைக்குழுக்களில் மத்திய மாகாணத்துக்கும் பொறுப்பாக இருந்ததன் முன்னால் போய்ச் சாட்சி சொன்ன பெண்கள் அவர்களிலும் இருக்கிறார்கள். கடதாசி மஞ்சளாகிவிட்டது. எழுதியிருப்பது ஏறக்குறைய நம் தாய்மார் எழுதியதுதான்.

நான் சமூகவியல் படித்தவள். பல்கலைக்கழகத்தில் நேர்காணல்களுக்குக் குறியிடப் பழக்கினார்கள். அங்கே வாசிக்க வாசிக்கப் புதிய குறிகளை உண்டாக்கிக்கொண்டே போகலாம், அதுவே ஆராய்ச்சி. அந்தப் பழக்கத்தோடு இங்கே வந்து, முதல் மாதத்தில் நாற்பதுக்கு மேற்பட்ட குறிகளை உருவாக்கினேன். ‘துயரம்’, ‘பொருளாதாரக் கஷ்டம்’, ‘நம்பிக்கை’ என்றெல்லாம். எங்களுக்கு வழிகாட்டிய சட்டத்தரணி அம்மா பட்டியலைப் பார்த்துவிட்டு, “துயரம் என்று தேடினால் எல்லாக் கடிதமும் வருமே, தங்கச்சி. அப்போது தேடியதில் என்ன பயன்?” என்று கேட்டார். பதினொன்றாகக் குறைத்தோம். வேலை இரட்டிப்பு வேகமானது. விசைப்பலகையில் விரல் ஓடுவதால் வேகம் வருவதில்லை. முதல் கடிதத்தைத் திறக்க முன்பே, எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறோம் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் வரும்.

ஒத்துக்கொள்வது இலேசான காரியமில்லை. ஒரே ஐம்பது கடிதங்களை இரண்டு பேரிடம் தனித்தனியே கொடுத்துப் பார்த்தோம். ‘கைது’ என்று ஒருத்தி குறித்ததை மற்றவள் ‘கடத்தல்’ என்று குறித்திருந்தாள். தாய்மார் அப்படி எழுதுவதில்லை அல்லவா? “பிடிச்சிட்டுப் போனாங்க”, “கூட்டிட்டுப் போனாங்க”, “நானே கையில ஒப்படைச்சேன்” என்றுதான் எழுதுகிறார்கள். கடைசியாகச் சொன்னது 2009 மே மாதத்தைப் பற்றியது. அதைக் ‘கைது’ என்று போடுவதா, ‘சரணடைவு’ என்று போடுவதா? ஒரு பகல் முழுதும் பேசினோம். கடைசியில், அந்தப் பெட்டியில் தாயின் சொல்லையே அப்படியே எழுதுவது, சட்டப் பெயரைச் சட்டத்தரணி வைக்கட்டும் என்று தீர்மானித்தோம். அந்தத் தீர்மானத்தால் பிறகு மிச்சமான நேரம் கொஞ்சமில்லை.

மற்றச் சின்ன வழிகள் அனுபவத்தில் வந்தவை. பெட்டிகளின் வரிசையைக் கடிதம் எழுதும் வரிசைக்கே மாற்றினோம்: மேலே திகதி, பிறகு யாருக்கு, பிறகு பெயர். கண் மேலும் கீழும் அலைய வேண்டியதில்லை. ஒருவரின் கடிதங்களையெல்லாம் ஒன்றாக அடுக்கித் திகதி வரிசையில் வாசித்தோம். சந்தேகமானால் அங்கேயே நின்று யோசிக்காமல் ‘சந்தேகம்’ என்ற குறியைப் போட்டுவிட்டுப் போய், பின்னேரம் தேத்தண்ணியோடு எல்லோரும் கூடித் தீர்த்தோம். மத்தியானத்துக்குப் பிறகு கைக்கடிதங்களை நிறுத்திவிட்டு அச்சுப் படிவங்களைத்தான் எடுப்போம். தாய்மாரின் கையெழுத்தை நாள் முழுதும் வாசித்துவிட்டு வீட்டுக்குப் போக முடியாது. மூன்றாம் கிழமையில் ஒரு பிள்ளை வேலைக்கு வராமல் நின்றுவிட்டது. அதற்குப் பிறகுதான் இந்த ஒழுங்கு வந்தது. முன்பே செய்திருக்க வேண்டும்.

பெயர்தான் பெரிய தலையிடி. ஒரே ஆளின் பெயரைப் பொலிசில் ஒரு விதமாகவும், மனித உரிமைகள் ஆணைக்குழுவில் இன்னொரு விதமாகவும் ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள். விக்னேஸ்வரன் ‘வி’யிலும் தொடங்குவார், ‘டபிள்யூ’விலும் தொடங்குவார். பழைய கணினிக் கடிதங்கள் ‘பாமினி’ எழுத்துருவில் அடித்தவை. இன்றைய மென்பொருளில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாக நிற்கும், எந்தத் தேடலிலும் அகப்படாது. அடையாள அட்டை இலக்கம்தான் துணை. பழைய இலக்கத்தின் முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று எண்கள் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண்ணென்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். பிறந்த திகதி தெரிந்தால் இலக்கம் சரியா என்று உடனே பார்த்துக்கொள்ளலாம்.

இனி என் பிழை. தெல்தோட்டை அம்மா ஐந்து கடிதங்கள் எழுதியிருந்தார். ஜனாதிபதிக்கு ஒன்று, 2010இல் நியமித்த நல்லிணக்க ஆணைக்குழுவுக்கு ஒன்று, மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு ஒன்று, 2013இல் அமைத்த பரணகம ஆணைக்குழுவுக்கு ஒன்று, 2018இல் வேலை தொடங்கிய காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கு ஒன்று. எல்லாம் அச்சில் அடித்தவை, வார்த்தைக்கு வார்த்தை ஒன்று போலவே இருந்தன. மென்பொருள் அவற்றை ‘ஏறத்தாழ ஒரே ஆவணம்’ என்று ஒரு கட்டாக்கிக் காட்டியது. முதலாவதை வாசித்தேன். மற்ற நான்கையும் சேர்த்துப் பிடித்து, ‘பிரதி, வாசிக்கத் தேவையில்லை’ என்று ஒரே தட்டில் குறித்தேன். அன்று நான்தான் அதிகம் முடித்தவள். சந்தோஷமாகத்தான் பஸ் ஏறினேன்.

குறியிட்டவற்றில் சிலவற்றை எடுத்து இன்னொருவர் மறுபடி வாசிப்பது எங்கள் வழக்கம். கட்டுகஸ்தோட்டையிலிருந்து வரும் ஒரு தங்கச்சி அந்த நான்காவது கடிதத்தை எடுத்து வாசித்திருக்கிறாள். முகவரியும் திகதியும் மாறியிருந்தன, அது போகட்டும். கடைசிப் பந்திக்கு முன்னால் ஒரு வசனம் புதிதாக இருந்தது. தடுப்பிலிருந்து விடுதலையான ஒரு பையன், 2010இல் தன்னோடு ஒரே முகாமில் மகன் இருந்ததாகச் சொன்னான் என்று. மற்ற எல்லாக் கடிதங்களின்படியும் மகனைக் கடைசியாகக் கண்டது 2009 மே. அந்த ஒரு வசனத்தின்படி, அதற்குப் பிறகும் அவர் உயிரோடு காவலில் இருந்திருக்கிறார், அதற்குச் சாட்சியும் இருக்கிறது.

ஐந்தாவது கடிதத்தில் அந்த வசனம் இல்லை. கேட்டபோது அம்மா சொன்னார்: “டைப் அடிக்கிற எடத்துல பழசப் பாத்தே அடிச்சிட்டாங்க புள்ள. நான் வாசிக்கவா தெரிஞ்சவ?”

பிரதி என்று குறிப்பதற்கு முன் ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி மென்பொருளிலேயே இருந்தது. இரண்டு கடிதங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, வித்தியாசமான சொற்களை நிறம் தீட்டிக் காட்டும். ஒரு கடிதத்துக்கு அரை நிமிடம் போதும். நான் செய்யவில்லை. இப்போது அதைச் செய்யாமல் அந்தக் குறியை யாரும் போடக்கூடாது என்பது எங்கள் சட்டம். ‘கடைசியாகக் கண்டவர், இடம், திகதி’ என்று ஒரு பெட்டியும் கூட்டினோம். பதினொன்று பன்னிரண்டானது.

இவ்வளவு பழைய கடதாசியால் என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்கு நான் குவாத்தமாலாவைச் சொல்வேன். மத்திய அமெரிக்காவில், நம்மைப் போலவே நீண்ட யுத்தம் கண்ட நாடு. 2005இல் அங்கே பொலிசாரின் பழைய கட்டடங்களில் சுமார் எட்டுக் கோடிப் பக்கங்கள் குவிந்து கிடப்பதைக் கண்டுபிடித்தார்கள். எல்லாவற்றையும் வாசிக்க ஆயுள் போதாது என்று, புள்ளிவிபரவியலாளர்கள் எழுந்தமானமாகப் பக்கங்களைத் தெரிந்து குறியிட்டும் ஆராய்ந்தார்கள். 1984 பெப்ரவரி 18இல் காணாமலாக்கப்பட்ட எட்கர் பெர்னாண்டோ கார்சியாவின் வழக்கில் அந்தக் கடதாசிகள் சாட்சியாயின. அன்றைய நடவடிக்கைக்காகப் பொலிஸ்காரரைப் பாராட்டுக்குப் பரிந்துரைத்த ஆவணமும் அவற்றில் ஒன்று. திகதியும் இடமும் பொருந்தின. 2010இல் இரண்டு பேருக்கு 40 வருடச் சிறை. அவரது மனைவி நினெத் மொந்தெநெக்ரோ, மற்றக் குடும்பங்களோடு சேர்ந்து 1984இலிருந்தே தேடியவர். நடுவில் 26 வருடங்கள்.

உங்களிடமும் ஒரு பை இருக்கும். மூலப்பிரதியை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள், போட்டோக்கொப்பி போதும். ஒவ்வொரு கடதாசியின் பின்பக்கத்திலும் பென்சிலால் அது கிடைத்த திகதியை எழுதுங்கள், எழுதத் தெரியாவிட்டால் பிள்ளையிடம் சொல்லுங்கள். பொலிஸ், செஞ்சிலுவைச் சங்கம், ஆணைக்குழு என்று ஒவ்வோர் இடமும் தந்த இலக்கங்களை ஒரே தாளில் வரிசையாக எழுதி மேலே வையுங்கள். எங்களைப் போன்றவர்கள் தேடி அலையும் பாதி நேரம் அந்த ஒரு தாளில் மிச்சமாகும். புதிதாக ஏதாவது கேள்விப்பட்டால் அதைக் கடிதத்தின் முதல் வரியிலேயே போடச் சொல்லுங்கள், கடைசியில் வேண்டாம். டைப் அடித்ததை வீட்டுக்கு வந்து யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

அம்மாவிடம் என் பிழையைச் சொன்னேன். நான்காவது கடிதத்தைத் திரையில் பெரிதாக்கி அந்த வசனத்தை வாசித்துக் காட்டினேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அந்தப் பையன் இப்ப வவுனியாவுல தான் இருக்கான். போன் நம்பர் வீட்டுல கிடக்கு. யாரும் கேக்கல, அதான் கொண்டு வரல” என்றார்.

அடுத்த சனிக்கிழமை நம்பரோடு வந்தார், கல்யாண அழைப்பிதழ் ஒன்றின் பின்பக்கத்தில் எழுதியிருந்தது. அதையும் ஸ்கேன் செய்து இலக்கமிட்டு, நம்பரை மற்றவர்கள் பார்க்காதபடி மறைத்துவிட்டுச் சட்டத்தரணிக்கு அறிவித்தேன். அழைப்பிதழைத் திருப்பிக் கொடுத்தபோது அம்மா அதை உள் உறைக்குள் வைத்து, இரண்டு உறைகளையும் மடித்துப் பையைக் கட்டினார். பிறகு ஆறாவது கடிதத்தை எழுதலாமா என்று கேட்டார். உட்கார்ந்து முதல் வரியைத் தொடங்கினோம்.