விதவையின் வழக்கு

போருக்குப் பிந்திய வன்னியில் செபத்தைப் பற்றிச் சொல்லப்படும் ஒரு கணக்கு எனக்கு நெடுநாளாக உறுத்தலாக இருக்கிறது. விசுவாசத்தோடு கேட்டால் கிடைக்கும். கிடைக்கவில்லை என்றால் விசுவாசம் போதவில்லை. மாங்குளம் சந்தியிலிருந்து கிழக்கே முல்லைத்தீவுக்கும் மேற்கே மல்லாவி, துணுக்காய்ப் பக்கமும் பிரியும் வீதிகளில், காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரை இன்னும் எதிர்பார்த்திருக்கும் வீடு இல்லாத ஊரைக் காண்பது கடினம். அந்த வீட்டுத் தாயிடம் போய், உன் பிள்ளை வராததற்கு உன் விசுவாசக் குறைவுதான் காரணம் என்று சொல்வது கொடுமை. கொடுமை என்பதோடு நிற்கவில்லை, நற்செய்தியின்படி பார்த்தாலும் அது பிழை. விசுவாசத்தை முதலில் சேர்த்து வைத்துக்கொண்டு பிறகு செபிக்கப் போகிறவர் எவருமில்லை. செபிக்கச் செபிக்கத்தான் விசுவாசம் உண்டாகிறது. செபத்துக்குள்ளேதான் அது உயிரோடும் இருக்கிறது. இதுவே என் எண்ணம்.

லூக்கா நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில் வரும் விதவையை எடுத்துக்கொள்வோம். கடவுளுக்கும் அஞ்சாத, மனிதரையும் மதிக்காத நடுவனிடம் அவள் நீதி கேட்டுப் போகிறாள். துரத்தத் துரத்தத் திரும்பி வருகிறாள். கடைசியில், தொல்லை தாங்காமல் அவன் இணங்குகிறான். மனந்தளராமல் செபிப்பதற்காகச் சொல்லப்பட்ட இந்தக் கதை எதிர்பாராத ஒரு கேள்வியோடு முடிகிறது: மானிட மகன் வரும்போது மண்ணுலகில் விசுவாசத்தைக் காண்பாரா? கதை முழுவதிலும் விதவையின் உள்ளத்தில் என்ன இருந்தது என்று ஒரு சொல்லும் இல்லை. நடுவன் இரங்குவான் என்று அவள் நம்பினாளா, சந்தேகப்பட்டாளா, நமக்குத் தெரியாது. அவள் திரும்பத் திரும்ப வந்தாள் என்பது மட்டும் தெரியும். அந்த வருகையை வைத்துக்கொண்டுதான் இயேசு விசுவாசத்தைப் பற்றிக் கேட்கிறார். மாற்கு நற்செய்தியில், நோயுற்ற மகனைக் கொண்டுவந்த தகப்பன் தன் நம்பிக்கையின்மையை ஒளிக்காமல் சொல்லி, அதையும் நீரே தீர்த்துவிடும் என்று மன்றாடுகிறான். விசுவாசத்தை நிறைத்துக்கொண்டு பிறகு வா என்று அவனை யாரும் திருப்பி அனுப்பவில்லை.

எங்கள் மண்ணின் வரலாறும் இதைத்தான் சொல்கிறது. 1658இல் மன்னாரும் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் கைக்குப் போயின. கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களுக்குப் புகலிடம் கொடுப்பதும் குற்றமாயிற்று. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் பூசையும் பாவசங்கீர்த்தனமும் பிரசங்கமும் இல்லாமல் போயின. வெளிக்கு அரசின் சமயத்தை ஏற்றவர்களும் பலர். போதனையால் மட்டுமே விசுவாசம் நிலைக்கும் என்றால் ஒரு தலைமுறைக்குள் எல்லாம் அற்றுப்போயிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. மாந்தைக் கத்தோலிக்கர் 1670இல் மாதாவின் சுருபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போனதாகச் சொல்லப்படுவதிலிருந்துதான் மருதமடுவின் கதை தொடங்குகிறது. 1687இல் கோவாவிலிருந்து பிச்சைக்காரர் கோலத்தில் வந்த யோசேப் வாஸ் அடிகளார் கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போனார் என்பது திருச்சபை மரபு. அந்த மணிகளைக் கண்டு யாருடைய முகம் மாறியதோ அவர்களைத் தம் மக்கள் என்று அறிந்துகொண்டார். ஞானோபதேசத்தில் கேள்வி கேட்டு அவர் ஆளைத் தேர்ந்தெடுக்கவில்லை. மூத்தவர்கள் வாய்ப்பாடமாக வைத்திருந்த செபங்களுக்குள் விசுவாசம் குருவானவர் இல்லாமலே முப்பது வருடம் இருந்திருக்கிறது. 2015 ஜனவரி 14இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்துவிட்டு அன்றே மடுவுக்கு வந்ததை, அந்தப் பெயரறியாத மூத்தவர்களுக்கும் செய்த மரியாதையாகவே நான் எண்ணுகிறேன்.

இது வெறும் பழக்கம்தானே, உதடு அசைவதை விசுவாசம் என்பதா என்று கேட்பார்கள். வீண் சொற்களை அடுக்க வேண்டாம் என்று இயேசுவே மத்தேயு நற்செய்தியில் எச்சரிக்கிறார். ஆனால் அவர் கண்டித்தது, சொற்களின் எண்ணிக்கையால் கடவுளை இணங்க வைக்கலாம் என்ற நினைப்பை. அதே நற்செய்தி, கெத்சமனியில் அவர் மூன்றாம் முறையும் அதே சொற்களைச் சொல்லிச் செபித்தார் என்கிறது. பெருந்துயரத்தில் மனிதருக்குப் புதிய சொல் வருவதில்லை. 2009இல் முள்ளிவாய்க்காலில் பங்கருக்குள் கிடந்தவருக்கு, குழந்தைப் பருவத்தில் மனப்பாடமானதைத் தவிர வேறென்ன நாவில் வரும்? யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளாரின் வியாகுலப் பிரசங்கம் எழுதப்பட்டு ஏறத்தாழ முந்நூறு வருடமாகிறது. தவக்காலத்தில் இன்றும் அதை ஒப்பாரி ராகத்தில் வாசிக்கக் கேட்டு அழுகிறவர்கள், சொந்த இழப்புக்கும் சேர்த்தே அழுகிறார்கள். மனம் தளரும் நாளில் பழக்கம் ஆளைத் தாங்கிப் பிடிக்கிறது. அதைக் குறைவாக எண்ண எனக்கு மனம் வரவில்லை.

இதைவிடக் கடினமான கேள்வி, கேட்டது கிடைக்காததைப் பற்றியது. 1999 நவம்பர் 20 இரவு, மடுக் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள் மீது எறிகணைகள் விழுந்து முப்பதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். 2008 ஏப்ரலில் மாதாவின் சுருபமே இடம்பெயர்ந்து தேவன்பிட்டிக்குப் போய் ஓகஸ்டில் திரும்பியது. அந்த நவம்பர் இரவில் கோயிலுக்குள் இருந்தவர்கள் செபிக்காமலா இருந்திருப்பார்கள்? சந்தேகத்தோடு கேட்கிறவன் எதையும் பெற எண்ண வேண்டாம் என்ற யாக்கோபின் திருமுகத்தைக் காட்டி அவர்களுடைய விசுவாசத்தைக் குறைசொல்பவர், முன்வரியையும் வாசிக்க வேண்டும். அங்கே பேசப்படுவது ஞானத்தைக் கேட்பது. அந்த அளவுகோலைத் துயரப்பட்டவர்மேல் வைத்தால் அது கெத்சமனியையும் தொடும். துன்பக் கிண்ணத்தை அகற்றும்படி கேட்டவருக்கு அது அகற்றப்படவில்லை. அவருடைய விசுவாசம் குறைவு என்று எந்தக் கிறிஸ்தவர் சொல்லத் துணிவார்? திருப்பாடல் 88 நன்றியும் ஆறுதலும் இல்லாமல் இருளிலேயே முடிகிறது. திருச்சபை அதை ஒதுக்கவில்லை. இரவுச் செபத்தில் வைத்திருக்கிறது. அன்னை தெரேசாவின் கடிதங்கள் 2007இல் வெளிவந்தபோது, பல பத்தாண்டுகள் கடவுளின் பிரசன்னத்தை உணராமலே அவர் செபித்துவந்தது உலகுக்குத் தெரிந்தது. செபித்துச் செபித்துக் களைத்து விட்டுவிட்டவர்களும் எங்களிடையே உண்டு. அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. பதில் வந்ததா என்பதை வைத்து ஒருவரின் விசுவாசத்தை அளக்க முடியாது என்பதற்கு அவர்களும் சாட்சிகள்தாம்.

செபம் ஆறுதல் தந்து மக்களை அடக்கி வைக்கிறது, நீதி கேட்கும் குரலை மழுங்கச் செய்கிறது என்ற குற்றச்சாட்டும் இருக்கிறது. அடக்குவதற்காகச் செபத்தைப் போதித்தவர்கள் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் 2017 பெப்ரவரி 20 அன்று காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். சைவரும் கிறிஸ்தவருமாக அங்கே அமர்ந்த தாய்மார் வேண்டுதலையும் மனுவையும் இரண்டாகப் பிரித்துப் பார்க்கவில்லை. நேர்த்தி வைத்தவர்களே ஆணைக்குழுக்களில் சாட்சியமும் சொன்னார்கள். தேங்காய் உடைத்தவர்களும் மெழுகுதிரி ஏற்றியவர்களும் பிள்ளையின் படத்தை ஏந்தி வீதியில் நின்றார்கள். போரின் கடைசி நாளான 2009 மே 18இல் சரணடைந்தவர்களோடு போன பிரான்சிஸ் ஜோசப் அடிகளாரைப் பற்றியும் இன்றுவரை பதிலில்லை. பதில் காணாமலே பெற்றோர் பலர் இறந்துவிட்டார்கள். இருப்பவர்கள் இன்னும் கேட்கிறார்கள். லூக்காவின் விதவையும் நடுவனிடம் ஆறுதல் கேட்டுப் போகவில்லை. தன் எதிராளியிடமிருந்து நீதி வழங்கும்படி கேட்டே போனாள். மாங்குளத்தைச் சுற்றியுள்ள கோயில்களில் ஞாயிறு மன்றாட்டுகளைத் தயாரிப்பவர்கள் இந்தக் கதையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். பொதுவாகச் சமாதானத்துக்காக என்று சொல்லிக் கடந்துவிடாமல், அந்தப் பங்கில் தேடப்படுகிறவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக, வீட்டார் விரும்பும்வரை, வருடாவருடம் பீடத்தின் முன் வாசிக்கலாம்.