பணம் இருக்கு... பகட்டு இல்லை! ராஜபாளையத்தின் கோட்டைத் தெருக்கள்

சென்னையிலிருந்து செங்கோட்டை போகும் பொதிகை எக்ஸ்பிரஸ் விடியற்காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் நின்றால், அரைத்தூக்கத்தில் இருப்பவர்களுக்குக்கூட ஆண்டாளும் பால்கோவாவும் நினைவுக்கு வந்துவிடும். 192 அடி ராஜகோபுரம் உள்ள ஊர். பெருமை தூரத்திலிருந்தே தெரியும். அடுத்த பெரிய ஸ்டேஷன் ராஜபாளையம். இடையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஆனால், இந்த ஊரின் செல்வம் அப்படிச் சட்டென்று கண்ணில் படாது.

காரைக்குடிப் பக்கம் போனால் வீடே வசதியைச் சொல்லிவிடும். இங்கே தென்காசி சாலை நெரிசலில் நிற்பவருக்கு, பெரிய தொழில் குடும்பங்களின் ஊர் இது என்று சொன்னால்தான் தெரியும். பழையபாளையம், சிங்கராஜாகோட்டை என்று உள்ளே நடக்க வேண்டும். பெயரில்தான் கோட்டை. விஜயநகரக் காலத்தில் தெலுங்கு தேசத்திலிருந்து தெற்கே வந்ததாகச் சொல்லும் ராஜுக்களின் குடியிருப்புகள் இவை. வீட்டுக்குள் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ். கல்யாணம் காட்சிக்கும் ஊர்க்கூட்டத்துக்கும் பொதுவாக ஒரு சாவடி.

நிலமும் விவசாயமும் தந்த வசதியைத் தொழிலாக மாற்றியதில் முக்கியமானவர் பி.ஏ.சி. ராமசாமி ராஜா. 1936-ல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். 1957-ல் மெட்ராஸ் சிமென்ட்ஸ். இன்றைக்கு ராம்கோ சிமென்ட்ஸ் என்றால் நாடு முழுக்கத் தெரியும். அதன் பதிவு அலுவலகம் இன்னமும் ராஜபாளையத்தில்தான். அமெரிக்காவில் வசதி வந்தவர்கள் ஆலையையும் சந்தடியையும் விட்டு, மரம் சூழ்ந்த புறநகருக்குக் குடிபோனார்கள். அங்கே பல ஊர்களின் கதையே அதுதான். இந்த ஊர்ப் பணக்காரர்கள் மில்லை வீட்டுப் பக்கத்துக்கே கொண்டுவந்தார்கள்.

ஊர்ச் செல்வம் எங்கே போனது என்று கேட்பவர்களுக்குக் காட்ட ஒரு வீடு உண்டு. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் ஆட்சிப் பொறுப்பில் இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜா இந்த ஊர்க்காரர். பிறந்த சில நாள்களிலேயே தாயையும், மூன்று வயதில் தந்தையையும் இழந்தவர். முதல்வராக இருந்துகொண்டே 1952 தேர்தலில் நின்று, பக்கத்து ஊரான ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதியில் தோற்றார்! பிறகு ஒரிசா ஆளுநரானார். ராஜபாளையத்தில் தனக்கிருந்த வீட்டை ஊருக்கே கொடுத்துவிட்டார். அதுதான் காந்தி கலை மன்றம். பதவியில் இருந்தவர்கள் வீடு கட்டிய கதைகளையே கேட்டுப் பழகிய நமக்கு, இது கொஞ்சம் விநோதமாகத்தான் இருக்கும்.

அதற்காக ஊரே செழிப்பு என்று எழுதினால் பொய்யாகிவிடும். சில கிலோமீட்டர் தள்ளி சத்திரப்பட்டியில் விசைத்தறிச் சத்தம். ஆஸ்பத்திரிகளில் காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி அங்கே நெய்யப்படுகிறது. தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிறார்கள். நூல் விலை ஏறினால் இந்த வீடுகளில்தான் முதலில் கை நடுங்கும். கோட்டைத் தெருக்களை மட்டும் பார்த்துவிட்டு ரயில் ஏறுகிறவர் பாதி ஊரைத்தான் பார்த்திருக்கிறார்.

ராஜபாளையம் நாயைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு. ஒரு காலத்தில் வேட்டைக்கும் காவலுக்கும் வளர்த்தது. 2005-ல் தபால்தலையிலேயே இடம்பிடித்துவிட்டது. அறிமுகம் இல்லாதவர்கள் வாசலில் நின்று குரல் கொடுத்துவிட்டுப் போவது உத்தமம்.

கோடையில் போகிறவர்கள் சப்பட்டை மாம்பழம் கிடைக்குமா என்று விசாரிக்கலாம். பால்கோவாவைத் திரும்பும் வழியில் வாங்கிக்கொள்ளலாம்.