பாரி வளைவைத் தாண்டி

ஏலகிரிக்குப் போய்த் திரும்புகிறவர்களின் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: அங்கே பார்க்க என்ன இருக்கிறது? ஊட்டித் தாவரவியல் பூங்காவை மனத்தில் வைத்துக்கொண்டு மலையேறுகிறவருக்குப் புங்கனூர் ஏரியும் பக்கத்துப் பூங்காவும் அரை நாளில் தீர்ந்துவிடும். மிச்சம், சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் 14 சிற்றூர்கள், வயல்கள், பலாமரங்கள், கொய்யாத் தோப்புகள். அந்தக் குறையைத்தான் நான் நிறையாகக் கொள்கிறேன். தோட்டத்துக்கு இடம்விட்டு ஊர் ஒதுங்கிப் போகாத மலை இது.

இங்கிலாந்தின் பெயர்பெற்ற தோட்டங்கள் சிலவற்றின் கதை வேறு. டார்செட்டில் மில்டன் பிரபுவுக்குத் தம் மாளிகையருகே ஒரு சிறு நகரம் இருப்பது உறுத்தியது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அதை இடித்துவிட்டு, குடிகளை மாளிகையின் கண்ணில் படாத பள்ளத்தாக்கில், ஒரே அச்சில் வார்த்தது போன்ற கூரைவீடுகளில் குடியேற்றினார். சுற்றியிருந்த நிலத்தை நிலக்காட்சித் தோட்டக் கலைஞர் கேப்பபிலிட்டி பிரவுன் அழகுபடுத்தினார். மனிதக் கை படாததுபோல் தோன்றச் செய்வதுதான் அந்தக் கலையின் சாமர்த்தியம். அங்கே அதற்கு விலையாகப் போனது குடியானவர் வீடு. வெளியேற்றப்பட்டவர்களுக்காகக் கட்டிய மில்டன் அப்பாஸ் என்ற அந்த ஊரையே இன்று அழகென்று பார்க்க வருகிறார்கள்.

புங்கனூர் ஏரியும் செயற்கைதானே என்று கேட்கலாம். உண்மைதான், ஆனால் அது ஒருவரின் சன்னல் காட்சிக்காக வெட்டியதல்ல, கட்டணம் கொடுத்தால் யாரும் படகு விடலாம். சுற்றுலா வந்தால்தானே மலைவாழ் மக்களுக்கு வருமானம் என்பது இன்னும் வலுவான கேள்வி. வருமானம் வேண்டும், மறுப்பில்லை. ஆனால் நிலத்தை விற்றுவிட்டு, அதே நிலத்தில் எழும் விடுதிக்குக் காவலாளியாகப் போவது வருமானமாகாது. பிரபு இடித்துச் செய்ததைப் பணம் இடிக்காமலே செய்துவிடும்.

மலைப்பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் புலவர், வள்ளல் பெயர்கள் உண்டு. அவற்றுள் ஒன்று பாரி. முல்லைக்கொடி படரத் தேரைக் கொடுத்தவன், கொடுத்தது தன் தேரை. அடுத்தவர் கூரையை அல்ல. ஏலகிரியை அழகுபடுத்தத் திட்டம் போடுகிறவர்கள் அந்த வளைவில் வண்டியை ஒரு நிமிடம் நிறுத்தி, தாங்கள் கொடுக்கப்போவது யாருடையது என்று யோசித்துவிட்டு மேலே ஏறட்டும்.